உறங்கும் பிள்ளை மேல் வழக்கில்லை

பிள்ளைக்குத் தடிமன் பிடித்தால் கண்டிப் பக்கத்து மடவளையில் அடுத்த வீட்டுக்குத் தெரிந்துவிடும். கொத்தமல்லி அவிக்கச் சொல்லி ஒருவர், ஆவி பிடிக்கச் சொல்லி இன்னொருவர் என்று யோசனைகள் வந்து சேரும். ஏழு வயதுப் பிள்ளை இன்னும் இரவில் பாயை நனைக்கிறது என்ற செய்தி மட்டும் வாசற்படியைத் தாண்டாது. உம்மா சுபஹுத் தொழுகைக்கு முன்பே எழுந்து விரிப்பை அலசிவிடுவார். மெத்தை ரோட்டுக்குத் தெரியாத பக்கமாகக் காயும். ஒவ்வொரு வீடும் இப்படித் தனித்தனியே மறைப்பதால், ஒவ்வொரு வீடும் ‘நமக்கு மட்டும்தான் இந்தச் சோதனை’ என்று நினைத்துக்கொள்கிறது. கணக்கு வேறு சொல்கிறது. ஹொங்கொங்கில் 5 முதல் 19 வயது வரையான 16,000க்கு மேற்பட்டோரிடம் விசாரித்து 2006இல் வெளியிட்ட ஆய்வில், எப்போதாவது நனைப்பவர்களையும் சேர்த்து, 5 வயதில் 16 வீதத்தினரும் 7 வயதில் 10 வீதத்தினரும் படுக்கையை நனைப்பவர்களாக இருந்தார்கள். மற்ற நாடுகளின் கணக்குகளும் இதற்கு அருகில்தான் நிற்கின்றன. 40 பிள்ளைகள் இருக்கும் ஓர் இரண்டாம் வகுப்பில் நான்கு பேர் வரை எப்போதாவது ஈரப்பாயிலிருந்து எழுந்து வருபவர்களாக இருக்கலாம். ஒருவரைப் பற்றி மற்றவருக்குத் தெரியாது.

நம் வீடுகளில் இதற்கு வழக்கமாக இரண்டே பதில்கள்தான். ஒன்று, ஏச்சும் அடியும். மற்றது, ‘வளர வளர நின்றுவிடும்’ என்று பேசாமல் இருப்பது. முதலாவது பிள்ளையைக் குற்றவாளியாக்குகிறது. இரண்டாவது, கைக்கு எட்டும் தீர்வைக் கைவிடுகிறது. கடுமையும் பொறுமையும் எதிரெதிரானவை போலத் தெரிந்தாலும், இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே தவறான எண்ணம்: இது வைத்தியத்துக்கு உரிய விஷயம் அல்ல என்பது. உடலில் உண்மையில் என்ன நடக்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் இரண்டையும் விட்டுவிட்டு மூன்றாவது வழியொன்றுக்கு வர முடியும்.

சிறுநீர்ப்பை எவ்வளவு பிடிக்கும் என்பதற்கு வைத்தியர்கள் கையாளும் எளிய கணக்கு ஒன்று உண்டு. பிள்ளையின் வயதோடு ஒன்றைக் கூட்டி 30ஆல் பெருக்கினால் மில்லிலீற்றர் அளவு வரும். ஏழு வயதுக்கு 240. பெரிய கோப்பை நிறைய ப்ளேன்டீ என்று வைத்துக்கொள்ளலாம். வளர்ந்தவர்களின் மூளை இரவில் வாசோபிரசின் என்ற ஹோர்மோனைக் கூடுதலாகச் சுரந்து, சிறுநீரகம் உருவாக்கும் நீரைக் குறைத்துவிடுகிறது. அதனால்தான் பகலில் பல தடவை போகும் நம்மால் இரவு முழுக்கத் தூங்க முடிகிறது. சில பிள்ளைகளுக்கு இந்த இரவுச் சுரப்பு இன்னும் முறைப்படவில்லை. கோப்பை கொள்ளாத அளவுக்கு நீர் சேர்கிறது. வேறு சிலருக்கு நீர் அளவாகவே சேர்ந்தாலும் பை சிறியதாக இருக்கிறது, அல்லது பாதி நிறைந்ததுமே சுருங்கிவிடுகிறது. மூன்றாவதாக ஒன்று இவர்கள் எல்லோருக்கும் பொது: பை நிறைந்த செய்தி மூளைக்குப் போனாலும் பிள்ளை விழிப்பதில்லை. விழித்திருந்தால் எழுந்து போயிருக்கும். ஆக, பாய் நனைவதற்கு முந்திய கணம்வரை பிள்ளை எடுத்த முடிவு என்று அங்கே எதுவுமே இல்லை. சோம்பலும் இல்லை, பிடிவாதமும் இல்லை.

இது நேற்றைய கண்டுபிடிப்பும் அல்ல. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இப்னு சீனா தமது ‘அல்கானூன்’ மருத்துவ நூலில் படுக்கையில் சிறுநீர் போவதைத் தனியே எடுத்துப் பேசியிருக்கிறார். பிள்ளைகள் ஆழ்ந்து உறங்குவதால், மூச்சு விடுவதைப் போன்ற ஒரு மறைவான உந்துதல் அவர்கள் விழிப்பதற்கு முன்பே சிறுநீரை வெளியேற்றிவிடுகிறது என்பதும், வளர்ந்து தூக்கம் இலேசாகும்போது அது நின்றுவிடுகிறது என்பதும் அவருடைய விளக்கம். அவருக்கு ஹோர்மோன் தெரியாது. ஆனால் மூச்சு விட்டதற்காக எவரையும் அடிக்க முடியாது என்பது தெரிந்திருந்தது. மார்க்கச் சட்டமும் இங்கே இதே பக்கம்தான் நிற்கிறது. பொறுப்பு நீக்கப்பட்டவர்கள் என்று அது எண்ணும் மூவரில், விழிக்கும்வரை உறங்குபவர் ஒருவர், பருவமடையும்வரை பிள்ளை ஒருவர். பாயை நனைக்கும் பிள்ளை இந்த இரண்டு வகையிலும் ஒரே நேரத்தில் அடங்குகிறது. ஓதப் போகும் பிள்ளையை ‘நஜீஸோடு படுக்கிறாய்’ என்று குத்திக் காட்டும் வீடுகள் இதைச் சற்று நின்று யோசிக்கலாம். விரிப்பைச் சுத்தம் செய்வது வீட்டின் கடமை. அதற்காகப் பிள்ளையை அசுத்தமானவன் என்று சொல்ல எந்தக் கடமையும் இல்லை.

பரம்பரையும் இதில் பெரும் பங்கு வகிக்கிறது. தாய், தகப்பன் இருவருமே சிறுவயதில் நனைத்தவர்கள் என்றால் பிள்ளைக்கும் அது வரும் வாய்ப்பு 77 வீதம். ஒருவர் மட்டும் என்றால் 44 வீதம். இருவருமே இல்லை என்றால் 15 வீதம் என்று 1970களிலேயே கணக்கிட்டிருக்கிறார்கள். 1995இல் டென்மார்க் ஆய்வாளர்கள் 13ஆவது குரோமோசோமில் இதோடு தொடர்புள்ள ஓர் இடத்தையும் காட்டினார்கள். அடிக்கக் கை ஓங்கும் வாப்பா முதலில் தம்முடைய உம்மாவிடம் ஒரு கேள்வி கேட்பது நல்லது. தாமும் அந்த வயதில் அப்படித்தான் என்று தெரிய வந்தால், அதைப் பிள்ளையின் காதில் சொல்லிவிட வேண்டும். அந்த ஒரு வாக்கியம் பிள்ளைக்கு எந்தக் குளிசையும் தராத நிம்மதியைத் தரும்.

‘கண்டிக்காமல் விட்டால் பிள்ளைக்கு வெட்கமே இல்லாமல் போய்விடாதா?’ என்று கேட்கலாம். வெட்கத்துக்குக் குறைவு எதுவும் இல்லை என்பதுதான் உண்மை. 1998இல் வெளியான நெதர்லாந்து ஆய்வொன்றில், 8 முதல் 16 வயது வரையானவர்களிடம் வாழ்க்கையில் எவை மிகக் கொடியவை என்று வரிசைப்படுத்தக் கேட்டபோது, பெற்றோர் பிரிவதற்கும் பெற்றோர் சண்டைக்கும் அடுத்ததாகப் பாய் நனைப்பது வந்தது. தண்டனை விழித்திருக்கும் பிள்ளைக்குக் கிடைக்கிறது. பாயை நனைத்தது உறங்கிய பிள்ளை. பாடம் ஒருவருக்கு, பரீட்சை இன்னொருவருக்கு என்றால் எப்படித் தேறுவது? 2005ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சுற்றறிக்கை மூலம் கல்வி அமைச்சு பாடசாலைகளில் உடல் தண்டனையைத் தடைசெய்தது. வகுப்பில் விழித்திருந்து செய்த தவறுக்கே அடி கூடாது என்றான பிறகு, தூக்கத்தில் நடந்ததற்கு வீட்டில் அடி விழுவதை எந்த நியாயத்தில் சேர்ப்பது?

இனி மறுபக்கம். ‘அடிக்க வேண்டாம், ஆனால் வைத்தியமும் வேண்டாம், தானாக நின்றுவிடும்’ என்பது இன்னும் வலுவான வாதம், ஏனெனில் அதில் பாதி உண்மை இருக்கிறது. நனைக்கும் பிள்ளைகளில் ஆண்டுக்கு ஏறத்தாழ 15 வீதத்தினர் எந்த வைத்தியமும் இல்லாமலே நின்றுவிடுகிறார்கள். இந்தக் கணக்கை முழுதாகப் போட்டுப் பார்க்க வேண்டும். 5 வயதில் நனைக்கும் 100 பேரை எடுத்தால் 6 வயதில் 85 பேர், 7இல் 72, 8இல் 61, 9இல் 52, 10 வயதில் 44 பேர் மிஞ்சுவார்கள். ஐந்து ஆண்டு காத்திருந்த பிறகும் பத்தில் நான்கு பேருக்கு மேல் அதே பாயில். மேலே சொன்ன ஹொங்கொங் ஆய்வில் 19 வயதிலும் 2 வீதத்தினர் இருந்தார்கள். அதோடு, வயது கூடக் கூட, மிஞ்சியிருப்பவர்களில் கிட்டத்தட்ட ஒவ்வொரு இரவும் நனைப்பவர்களின் பங்கு கூடியது. ஐந்து வயதுக்குக் காத்திருப்பு சரியான வைத்தியம். ஏழு வயதுக்கு அது போதாது. பத்து வயதில் அது புறக்கணிப்பு. மேலும், ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் முடிந்து விடுதியுள்ள பாடசாலைக்குப் போவதும், ஹிஃப்ழ் (குர்ஆன் மனனம்) ஓத மத்ரஸாவில் தங்குவதும் அந்த வயதில்தான் வருகின்றன. நல்ல வாய்ப்பை வேண்டாம் என்று அழும் பிள்ளைக்குப் படிப்பில் நாட்டமில்லை என்று வீட்டார் முடிவு கட்டுவதுண்டு. முப்பது பேர் படுக்கும் மண்டபத்தில் காலையில் தன் பாய் மட்டும் ஈரமாக இருக்குமே என்ற பயத்தைப் பிள்ளை எப்படி வாய்விட்டுச் சொல்லும்?

வைத்தியம் என்றதும் குளிசையை நினைக்க வேண்டாம். அது தொடங்குவது பகலில். நம் பிள்ளைகளின் ஒரு நாளைப் பார்த்தால் தண்ணீர் எல்லாம் தவறான நேரத்தில் இருக்கிறது. பாடசாலை நேரம் முழுக்கப் போத்தல் பாதியும் காலியாவதில்லை. கழிவறைக்குப் போகப் பிடிக்காமல் அடக்கிக்கொள்கிற பிள்ளைகளும் உண்டு. பிறகு ரியூஷன், ஓதல், விளையாட்டு. பொழுது சாய்ந்த பிறகுதான் தாகம் தெரிகிறது. இராச் சாப்பாட்டோடு தண்ணீர், அதன் மேல் ஒரு தேநீர். இதைத் தலைகீழாக்க வேண்டும்: ஒரு நாளுக்குரிய தண்ணீரில் பெரும் பகுதி மாலைக்குள் உள்ளே போய்விட வேண்டும், படுப்பதற்கு முந்திய இரண்டு மணி நேரத்தில் சிறிதளவே. மொத்தத் தண்ணீரைக் குறைப்பது தவறு. குறைத்தால் சிறுநீர்ப்பை சிறிய அளவுக்கே பழகிவிடும். பாடசாலையில் இடைவேளைக்கு ஒரு தடவை, வீட்டுக்கு வந்ததும் ஒரு தடவை என்று இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை கழிவறைக்குப் போகும் பழக்கமும், படுக்கப் போகுமுன் கட்டாயம் ஒரு தடவையும் வேண்டும். தேநீரில் உள்ள கஃபீன் சிறுநீரைத் தூண்டக்கூடியது என்பதால் இரவுத் தேநீரை நிறுத்துவது நல்லது. மலைநாட்டுக் குளிர்தான் காரணம் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை: வியர்வை குறையும் குளிர் இரவில் சிறுநீர் சற்றுக் கூடலாம், உண்மை. ஆனால் அதே குளிரில், அதே அறையில் படுக்கும் தம்பி நனைக்கவில்லையே.

பகலில் கவனிக்க வேண்டிய இன்னொன்று யாரும் எதிர்பாராத இடத்தில் இருக்கிறது: குடல். மலம் இறுகிச் சேர்ந்தால் அது முன்னால் இருக்கும் சிறுநீர்ப்பையை நெருக்குகிறது. பை முழுதாக விரிய முடியாமல் அடிக்கடி சுருங்குகிறது. இலங்கையில் 10 முதல் 16 வயது வரையான பாடசாலைப் பிள்ளைகளிடம் நடந்த ஆய்வொன்றில் ஏறத்தாழ 15 வீதத்தினருக்கு மலச்சிக்கல் இருப்பது தெரிய வந்தது. அமெரிக்காவில் 1997இல் வெளியான இன்னோர் ஆய்வில், மலச்சிக்கலுள்ள பிள்ளைகளில் மூன்றில் ஒருவர் இரவில் பாயை நனைப்பவராக இருந்தார். மலச்சிக்கலைத் தீர்த்தபோது அவர்களில் 63 வீதத்தினருக்கு அந்த நனைப்பும் நின்றது. பப்பாசி, கீரை, காலையில் அவசரமில்லாமல் கழிவறையில் உட்கார நேரம், தேவைப்பட்டால் வைத்தியர் தரும் மருந்து என்று இதைத் தீர்க்கலாம். எந்தக் கருவியும் வாங்காமல் சில பிள்ளைகளின் பாய் இந்த இடத்திலேயே காய்ந்துவிடும்.

பெற்றோர் கையாளும் வேறு உத்திகளுக்கும் பலன் அளவோடுதான். நள்ளிரவில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டுபோய் இருத்துவது அன்றைய விரிப்பைக் காப்பாற்றும். அரைத் தூக்கத்தில் போன பிள்ளைக்கு அது எதையும் கற்றுத் தராது. ‘ஒரு கிழமை நனைக்காவிட்டால் சைக்கிள்’ என்று ஆசை காட்டுவது, கையில் இல்லாத ஒன்றுக்குப் பந்தயம் கட்டச் சொல்வது. பரிசு கொடுப்பதானால் பிள்ளையால் செய்ய முடிந்ததற்குக் கொடுக்க வேண்டும்: பகலில் தண்ணீர் குடித்ததற்கு, படுக்குமுன் கழிவறைக்குப் போனதற்கு, காலையில் விரிப்பைத் தானாக எடுத்துக் கொடுத்ததற்கு. மெத்தைக்கு மேல் ஒரு றப்பர் சீட்டைப் போட்டுவிட்டால் உம்மாவின் வேலையும் எரிச்சலும் பாதி குறையும்.

இவ்வளவும் செய்து மாற்றம் இல்லாத ஏழு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு, உலகெங்கும் மிகவும் சோதிக்கப்பட்ட வைத்தியம் ஓர் அலாரம். 1904இல் ஐரோப்பியக் குழந்தை வைத்தியர் ஃபவுண்ட்லர், படுக்கை நனைந்ததும் தாதிக்குத் தெரியட்டும் என்று ஒரு மணியைப் பொருத்தினார். தாதி வருகிறாரோ இல்லையோ, மணிச் சத்தத்தில் பழகிய பிள்ளைகள் நனைப்பதையே நிறுத்தத் தொடங்கினார்கள். 1938இல் அமெரிக்காவில் மௌரர் தம்பதியர் இதையே ஒரு முறையாக்கி 30 பிள்ளைகளுக்குச் செய்து பார்த்தார்கள். இன்றைய கருவி சிறியது: உள்ளாடையில் ஒரு சிறு உணரி, தோளில் மின்கலத்தில் ஓடும் ஒரு மணி. முதல் துளி பட்டதும் அது ஒலிக்கிறது. நிறைந்த பைக்கும் விழிப்புக்கும் இடையில் அறுந்து கிடக்கும் இணைப்பை மூளை கிழமைக் கணக்கில் மெல்லப் போட்டுக்கொள்கிறது. ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால், பயன்படுத்தும் பிள்ளைகளில் மூன்றில் இரண்டு பங்கினர் அதைக் கட்டியிருக்கும்போதே உலர்ந்த இரவுகளை அடைகிறார்கள். கழற்றிய பின்னும் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அது நிலைக்கிறது. திரும்ப வந்தால் மீண்டும் கட்டலாம். எதிர்ப்பு நியாயமானதே: ஒரே அறையில் நான்கு பேர் படுக்கும் வீட்டில் எல்லோரும் விழித்துக்கொள்வார்கள், சம்பந்தப்பட்ட பிள்ளை மட்டும் விழிக்காது! முதல் கிழமைகளில் அப்படித்தான் இருக்கும். பெற்றோர் ஒருவர் எழுந்து பிள்ளையை முழுதாக விழிக்கச் செய்து நடத்திக் கூட்டிப்போக வேண்டும். இரண்டு மூன்று மாத உழைப்பு அது. பாடசாலை விடுமுறையில் தொடங்குவது நல்லது. உழைக்க முடியாத காலத்தில் தொடங்காமலே இருப்பது அதைவிட நல்லது.

குளிசைக்கும் இடம் உண்டு. வாசோபிரசினைப் போலவே செய்த டெஸ்மோபிரசின், அன்றிரவு சிறுநீர் உற்பத்தியைக் குறைக்கிறது. மூன்றில் ஒரு பங்கினருக்கு முழுப் பலன், இன்னும் பலருக்கு ஓரளவு. ஆனால் நிறுத்தினால் பெரும்பாலும் பழைய நிலைதான். விடுதிக்குப் போகும்போது, உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்குத் தங்கும்போது, அலாரம் ஒத்துவராதபோது அது கைகொடுக்கும். அதன் முக்கிய ஆபத்து ஒன்று, அதுவும் தவிர்க்கக்கூடியது: குளிசை போட்ட பிறகு நிறையத் தண்ணீர் குடித்தால் வெளியேற வழியின்றி இரத்தத்தின் உப்பளவு குறைந்து வலிப்புவரை கொண்டுபோகலாம். ஆகவே போடுவதற்கு ஒரு மணி நேரத்துக்கு முன்பிருந்து, போட்ட பின் எட்டு மணி நேரம்வரை தண்ணீரை மிக அளவாகவே குடிக்க வேண்டும். நம் ஊருக்கு இந்த விதி நோன்பு மாதத்தில் உயிர் காக்கும் அளவுக்கு முக்கியமாகிறது. நோன்பு திறக்கும்போது கஞ்சியும் சர்பத்தும், தராவீஹுக்குப் பிறகு தேநீர், ஸஹரில் வயிறு நிறையத் தண்ணீர் என்று அந்த மாதத்தில் ஒரு நாளின் நீர் முழுவதும் இரவுக்கு இடம் மாறுகிறது. நனைக்கும் பிள்ளையின் பாய் அந்த மாதம் கூடுதலாக நனையலாம். குளிசை எடுக்கும் பிள்ளைக்கு அது அபாயமாகவும் மாறும். பருவமடையாத பிள்ளைக்கு நோன்பு கடமையில்லை. ஆசைப்பட்டுப் பிடிக்கும் பிள்ளை என்றால், அதை வைத்தியரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

சில அறிகுறிகள் இருந்தால் வயது பார்க்காமல் உடனே காட்ட வேண்டும். ஆறு மாதமோ அதற்கு மேலோ காய்ந்திருந்த பாய் மீண்டும் நனையத் தொடங்குவது, அடங்காத தாகத்தோடு உடல் மெலிவது, சிறுநீர் போகையில் எரிவு, பகலிலும் உடுப்பு நனைவது, சிறுநீர் சொட்டுச் சொட்டாகப் போவது, கால் பலவீனம், இரவில் பலத்த குறட்டை. தாகமும் மெலிவும் நீரிழிவின் முதல் குரலாக இருக்கலாம். அதற்கு ஒரு நாள்கூடத் தாமதிக்கக்கூடாது. குறட்டைக்குப் பின்னால் வீங்கிய தொண்டைச் சதை இருக்கலாம். நின்றது திரும்புவதற்கு மனத்தின் அதிர்ச்சியும் காரணமாகலாம். 2018 மார்ச்சில் திகன, தெல்தெனிய பக்கம் வன்முறை மூண்ட இரவுகளைப் போன்றவற்றைக் கடந்த பிள்ளையின் பாய் மறுபடி நனைந்தால், அந்தப் பிள்ளைக்கு ஏச்சு எவ்வளவு கொடுமையானது என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் பிறந்தது முதல் ஒருபோதும் காயாத பாய்க்கு மனநோயையோ கண்ணூறையோ காரணம் காட்டுவது பெரும்பாலும் தவறு. ஓதிப் பார்க்க விரும்புகிறவர்கள் ஓதிப் பார்க்கட்டும். அது ஆஸ்பத்திரிக்குப் போவதைத் தடுக்க வேண்டியதில்லை.

‘இதற்கெல்லாமா ஆஸ்பத்திரி?’ என்பதே கடைசித் தடை. கண்டி–வத்தேகம பாதையில் இருக்கும் மடவளைக்குப் பேராதனையின் சிறிமாவோ பண்டாரநாயக்க சிறுவர் வைத்தியசாலை பஸ்ஸில் போய்வரக்கூடிய தூரம். அரசாங்க வைத்தியசாலையில் பார்ப்பதற்குப் பணமில்லை. அவ்வளவு தூரம் போகுமுன் வழக்கமாகப் பார்க்கும் குடும்ப டொக்டரிடமே தொடங்கலாம். முதலாம், நான்காம் வகுப்புகளில் சுகாதார வைத்திய அதிகாரியின் குழு பாடசாலைக்கு வந்து பிள்ளைகளைப் பரிசோதிக்கும் நாளும் சொல்வதற்கு ஏற்ற நேரம். முதல் சந்திப்பில் நடப்பது பெரும்பாலும் கேள்விகளும் ஒரு சிறுநீர்ப் பரிசோதனையும்தான். போகுமுன் இரண்டு கிழமைக்கு ஒரு தாளில் குறித்துவைத்தால் போதும்: எந்த இரவு நனைந்தது, எந்த இரவு காய்ந்தது, பிள்ளை எப்போது எவ்வளவு குடித்தது, மலம் எத்தனை நாளுக்கு ஒருமுறை போனது. அந்தத் தாளை எழுதும் பொறுப்பைப் பிள்ளையிடமே கொடுக்கலாம். நனைந்த இரவுக்கு ஒரு குறி, காய்ந்த இரவுக்கு ஒரு குறி. இதுவரை காலையில் தலைகுனிந்து நின்ற பிள்ளை, இப்போது பென்சிலோடு உட்கார்ந்து தன் உடம்பைத் தானே கவனித்து எழுதும். பக்கத்தில் உம்மா ஏசாமல் விரிப்பை மாற்றிக்கொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான்.